கம்பியை வளைக்கும் முன் வானத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மரப்பலகையில் செப்புக் கம்பியை வி வடிவில் வளைத்துத் திருகி, டிவிக்குப் பின்னால் சொருகினால் சந்தா இல்லாமல் ஐம்பது சேனல் வரும் என்று காட்டும் வீடியோக்கள் கைபேசிகளில் சுற்றுகின்றன. அதைப் பார்த்துவிட்டு எலக்ட்ரிக்கல் கடையில் கம்பி கேட்பவர்கள் நீலகிரியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் கடிதம்.

அந்த வீடியோக்கள் பொய் சொல்லவில்லை. அவை அமெரிக்காவுக்கானவை, அவ்வளவுதான். அங்கே ஊருக்கு ஊர் தனியார் நிலையங்கள் கோபுரம் வைத்து, தரைவழியாக டிஜிட்டல் ஒளிபரப்பை இலவசமாகத் தருகின்றன. பெரும்பாலானவை 470 முதல் 608 மெகாஹெர்ட்ஸ் வரையிலான யுஎச்எஃப் பகுதியில் வருபவை. அலைநீளம் அரை மீட்டரை ஒட்டி இருப்பதால்தான் கம்பியின் ஒவ்வொரு கையும் 18, 20 செ.மீ. அளவில் நின்றுவிடுகிறது, பலகையும் கதவிடுக்கில் வைக்கும் அளவில் முடிந்துவிடுகிறது. போதாததற்கு அவர்களுடைய ஒளிபரப்பு முறையே வேறு. அந்த டிவிக்குள் அலையைப் பிரித்தெடுக்கும் டியூனரும் நம் டிவிக்குள் இருப்பதும் ஒன்றல்ல.

நம் பக்கம் கூரைமேல் மீன்முள் மாதிரி நின்ற அலுமினிய ஆன்டெனாக்கள் தூர்தர்ஷனின் அனலாக் ஒளிபரப்புக்கானவை. அந்த டிரான்ஸ்மிட்டர்களைப் பிரசார் பாரதி படிப்படியாக மூடியது. முக்கியமான இடங்களில் இருக்கும் ஏறக்குறைய 50 போக, மீதி எல்லாம் 2022 மார்ச் 31-க்குள் நிறுத்தப்படும் என்று 2021-லேயே அறிவித்துவிட்டது. தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு 2016-ல் சென்னை உள்ளிட்ட சில நகரங்களில் தொடங்கியது. ஆனால் கோத்தகிரியிலிருந்து சென்னை நேர்கோட்டில் 400 கி.மீ.க்கு மேல். நாம் உயரத்தில் இருக்கிறோமே, எட்டாதா என்று சிலர் கேட்பார்கள். 1,900 மீட்டர் உயரத்துக்கும் 150 மீட்டர் கோபுரத்துக்கும் கணக்குப் போட்டால் பார்வைத் தொலைவு 230 கி.மீ. அளவில் தீர்ந்துவிடுகிறது. அதற்கப்பால் பூமியின் வளைவே மறைத்துவிடும். எத்தனை கம்பி வளைத்தாலும் இல்லாத அலையைப் பிடிக்க முடியாது. ‘டிஜிட்டல் இன்டோர் ஆன்டெனா’ என்று டப்பாவில் போட்டு விற்பதற்கும் இது பொருந்தும்.

அப்படியானால் மலையில் இலவசமாக என்னதான் வருகிறது? இரண்டு. ஒன்று, செயற்கைக்கோள் வழியாக வரும் இலவச டிடி ஃப்ரீ டிஷ். இன்னொன்று, எஃப்எம் வானொலி. முதலாவதற்கு டிஷ்ஷை விலைக்கு வாங்கி நாமே நிறுத்தலாம். இரண்டாவதற்கு ஆன்டெனாவையே நாமே செய்யலாம்.

ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. மாதக் கட்டணம் கிடையாது, பெட்டிக்கும் டிஷ்ஷுக்கும் ஒருமுறைச் செலவுதான். குறையையும் சொல்லிவிட வேண்டும்: அதில் இந்தி சேனல்களே மிகுதி. டிடி தமிழ் வரும், ஆகாசவாணி நிலையங்கள் வரும். தனியார் தமிழ்ப் பொழுதுபோக்கை நிறைய எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாறுவார். தமிழுக்கு இன்னும் இடம் ஒதுக்கச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை. தங்கள் இதழ் அதைத் தனியாக எழுதினால் நன்று.

செட்டாப் பாக்ஸ் வாங்கும்போது எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். எம்பெக்-2 மட்டும் தெரிந்த பழைய பெட்டியில் எல்லாச் சேனலும் திறக்காது. 60 செ.மீ. டிஷ் போதும். யுனிவர்சல் எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் நின்று அலையை வாங்கும் சிறு கருவி), ஆர்ஜி-6 கேபிள், அதன் முனைகளுக்கு இரண்டு எஃப் கனெக்டர், ஒன்றரை அங்குல ஜிஐ பைப், சுவர் கிளாம்ப், 10 மற்றும் 13 எண் ஸ்பேனர். கேபிள் டிவிக்காரர் விட்டுப்போன பழைய கேபிள் ஒட்டுப்போட்டதாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். எல்என்பிக்கு 13 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் அதே கேபிளில்தான் ஏறுகிறது. ஒட்டில் ஈரம் இறங்கினால் முதலில் சாவது அதுதான்.

ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. கூடலூர், உதகை, குன்னூர், கோத்தகிரி எல்லா ஊருக்கும் திசை ஏறக்குறைய ஒன்றுதான்: வடக்கிலிருந்து வலமாக 123 டிகிரி. நேர் தென்கிழக்கிலிருந்து 12 டிகிரி கிழக்கே ஒதுங்கினால் சரி. ஏற்றம், அதாவது தரைமட்டத்திலிருந்து மேல்நோக்கிய கோணம், 66 டிகிரி. கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் திசையை 122 என்றும் ஏற்றத்தை 68 என்றும் கொள்ளலாம். தகரக் கூரைக்குப் பக்கத்தில் கைபேசி திசைகாட்டி கண்டபடி சுற்றும். பத்தடி தள்ளி நின்று திசையைப் பார்த்து, எதிரே தெரியும் ஒரு மரத்தையோ வீட்டு மூலையையோ குறி வைத்துக்கொண்டு திரும்பி வாருங்கள்.

66 டிகிரி என்பது மலைக்காரர்களுக்கு ஒரு வரம். எதிர்மலை மறைக்குமோ என்ற கவலை அநேகமாகத் தேவையில்லை, அவ்வளவு செங்குத்தாக எந்த மலையும் வீட்டுக்கு எதிரே நிற்பதில்லை. மறைப்பது மரம்தான். டிஷ்ஷை விட 10 மீட்டர் உயர்ந்த கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ அந்தத் திசையில் நாலரை மீட்டருக்குள் இருந்தால் மறைக்கும், அதற்கு அப்பால் இருந்தால் மறைக்காது. 20 மீட்டர் மரத்துக்கு 9 மீட்டர். கோடையில் சரியாக வந்து மழைக்காலத்தில் போகிற இணைப்பு என்றால், நனைந்து தாழ்ந்த கிளை ஒன்று குறுக்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பலரும் பழி போடுவது மூடுபனி மீது. பதினோரு ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் அலையை மூடுபனி பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கனமழை செய்யும். அதுவும் சமவெளியைவிட இங்கே குறைவாகவே, ஏனென்றால் மழைப்படலத்தின் ஒரு பகுதிக்கு மேலேயே நாம் உட்கார்ந்திருக்கிறோம், அலையும் ஏறக்குறைய தலைக்கு மேலிருந்து இறங்குகிறது. மூடுபனி நாளில் படம் உடைந்தால் குற்றவாளி பெரும்பாலும் ஈரம் இறங்கிய கனெக்டர்.

மறைப்பு இருக்கிறதா என்று கருவியே இல்லாமல் பார்க்க ஒரு வழி உண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள், சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். நீலகிரியில் மார்ச் 15-ஐ ஒட்டிக் காலை 11.15 வாக்கிலும், செப்டம்பர் 28-ஐ ஒட்டி 10.55 வாக்கிலும் அது நடக்கும். அந்த நேரத்தில், டிஷ் வைக்க நினைக்கும் இடத்தில் வெயில் விழுந்தால் வழி திறந்திருக்கிறது. நிழல் விழுந்தால், எந்தக் கிளையின் நிழலோ அதுதான் வெட்ட வேண்டிய கிளை. ஏற்கெனவே டிஷ் வைத்திருப்பவர்களுக்கு அதே நேரத்தில் சில நிமிடம் படம் போய்த் திரும்ப வரும். அதைப் பழுது என்று எண்ணி ஸ்பேனரை எடுத்துவிடாதீர்கள்.

இடத்தைப் பொறுத்தவரை வீட்டின் கிழக்கு அல்லது தெற்குச் சுவர் நல்லது. ஜூன், ஜூலைக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது வீடே மறைவாக நிற்கும். ஆனால் ஏற்றம் அதிகமென்பதால் தாழ்வாரமும் சன்ஷேடும் எளிதில் குறுக்கே வரும். சன்ஷேடுக்கு அடியில் டிஷ் வைக்கவே கூடாது. வாசலில் திறந்த வானம் இருந்தால் சிமென்ட் கட்டையில் பைப்பை நட்டுத் தரையிலேயே வைக்கலாம், சிக்னலுக்கு உயரம் தேவையில்லை. காட்டெருமை வந்து போகும் ஊர் என்றால் அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பைப் செங்குத்தாக நிற்க வேண்டும். சரிவில் கட்டிய சுவரை நம்பாதீர்கள். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். பைப் சாய்ந்திருந்தால், டிஷ்ஷைத் திருப்பும்போது ஏற்றமும் சேர்ந்து மாறும், ஒன்றைப் பிடித்தால் ஒன்று போகும்.

அடுத்து, புதியவர்கள் எல்லோரும் இடறும் இடம். ஏற்றம் 66 என்றதும் டிஷ்ஷை வானத்தைப் பார்த்து மல்லாத்திவிடுவார்கள். கடையில் கிடைப்பது ஆஃப்செட் டிஷ். அதன் முகம் பார்ப்பதைவிட 22 முதல் 26 டிகிரி மேலிருந்து அலையை வாங்கும். ஆகவே டிஷ்ஷின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொடுகிற மாதிரி ஒரு நேர்க்கட்டையை வைத்தால், அது செங்குத்திலிருந்து 42 டிகிரி அளவில் சாய்ந்திருக்க வேண்டும். பின்பக்கத் தாங்கியில் டிகிரி அச்சிட்டிருந்தால் அதில் 66 வைக்கலாம், தயாரிப்பாளரே ஆஃப்செட்டைக் கழித்துத்தான் அச்சிட்டிருப்பார்.

இரண்டாவது இடறல் எல்என்பியின் திருப்பம். கேபிள் முனை நேராகக் கீழே தொங்கும்படி மாட்டிவிட்டு, திசையையும் ஏற்றத்தையும் மணிக்கணக்கில் தேடுவார்கள். செயற்கைக்கோள் நமக்குத் தெற்கே இல்லாமல் கிழக்கே ஒதுங்கி இருப்பதால், அதன் செங்குத்து அலை நம் கண்ணுக்குச் சாய்வாகத்தான் வருகிறது. நீலகிரியில் அந்தச் சாய்வு கிட்டத்தட்ட 55 டிகிரி. டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று செயற்கைக்கோளைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தில் 6 மணி இருக்கும் இடத்தில் தொங்கும் கேபிள் முனை, 4 மணி இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். டிஷ்ஷுக்கு முன்னால் நின்று பார்த்தால் அது இடது பக்கம், 8 மணி. முன்னால் நின்று 4 மணிக்குத் திருப்பிவிட்டால் கதை முடிந்தது. முதலில் இதைச் செய்துவிட்டு மற்றதைத் தேடினால் வேலை கால் மணி நேரத்தில் முடியும்.

பெட்டியில் எல்என்பி அலைவரிசை 9750/10600, டிரான்ஸ்பாண்டர் 11090, செங்குத்து, சிம்பல் ரேட் 29500 என்று கொடுத்து சிக்னல் திரையைத் திறந்து வையுங்கள். அதில் இரண்டு கோடு இருக்கும். ‘ஸ்ட்ரெங்த்’ கோட்டைப் பார்த்து மகிழ வேண்டாம். எல்என்பிக்கு மின்சாரம் போனாலே அது ஏறிவிடும். பார்க்க வேண்டியது ‘குவாலிட்டி’. ஏற்றத்தை வைத்துவிட்டு, டிஷ்ஷைக் கிழக்கிலிருந்து தெற்காக ஒரு விரல் அகலம் நகர்த்தி, மூன்று விநாடி பொறுத்து, மறுபடி நகர்த்துங்கள். பெட்டி பிடித்துக்கொள்ள அவ்வளவு நேரம் வேண்டும், வேகமாகத் தடவினால் தாண்டிப் போய்விடும். உள்ளே இருக்கும் டிவித் திரையைக் கைபேசி வீடியோ அழைப்பில் வெளியே கொண்டுவந்தால் ‘வந்துச்சா, வந்துச்சா’ என்று கத்த வேண்டியதில்லை. கோடு ஏறியும் ஃப்ரீ டிஷ் சேனல் எதுவும் வரவில்லையென்றால் பக்கத்துச் செயற்கைக்கோளில் நிற்கிறீர்கள். 95 டிகிரியில் ஒரு கட்டண டிடிஎச் இருக்கிறது, இடைவெளி ஒன்றரை டிகிரிதான். ஒரு மயிரிழை தெற்கே தள்ளுங்கள். குவாலிட்டி உச்சத்துக்கு வந்த பிறகு எல்என்பியை ஐந்து ஐந்து டிகிரியாகத் திருப்பிக் கடைசி இரண்டு மூன்று புள்ளியைப் பிடித்துக்கொள்ளலாம். நட்டுகளை மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுதாக இறுக்கினால் டிஷ் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

கனெக்டர் மாட்டும்போது, கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றியுள்ள வலைப்பின்னலின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் பெட்டி ‘ஷார்ட்’ காட்டும். மாட்டியதும் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப் இங்கேயுள்ள ஈரத்தில் ஒரு பருவம்கூட நிற்காது. எல்என்பிக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டு மேலே ஏற்றினால், வழியும் தண்ணீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும்.

இனி எஃப்எம். இதில்தான் கைவேலைக்கு மரியாதை. கோவையின் ரெயின்போ 103, தனியார் நிலையங்கள் 91.1, 93.5, 98.3, 106.4, கொடைக்கானல் 100.5. கோத்தகிரியிலிருந்து கோவை 50 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு, கொடைக்கானல் 150 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இரண்டுமே தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே. தெற்கு திறந்த சரிவில் இருப்பவர்களுக்கு வெறும் ரேடியோவே போதும். கேத்தி மாதிரிப் பள்ளங்களிலும் தொட்டபெட்டாவுக்குப் பின்னால் உதகைக் கிண்ணத்துக்குள்ளும் இருப்பவர்களுக்கே ஆன்டெனா தேவை.

எளிதானது இரண்டு கைக் கம்பி. 142.5-ஐ நிலையத்தின் மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 100.5-க்கு 1.42 மீட்டர், கை ஒன்றுக்கு 71 செ.மீ. எல்லா நிலையமும் ஓரளவு வேண்டுமென்றால் கைக்கு 73 செ.மீ. வையுங்கள். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மி.மீ. செப்பு ஒயர் போதும், மேலுறையை உரிக்க வேண்டாம். முக்கால் அங்குல பிவிசி பைப்பில் இரு கையையும் நேர்கோட்டில் கட்டி, நடுவில் இரண்டு செ.மீ. இடைவெளி விட்டு, ஒரு கையை ஆர்ஜி-6 கேபிளின் நடுக்கம்பியோடும் மற்றதை வலையோடும் இணைக்க வேண்டும். இங்கே சால்டரிங் அயர்னை எடுப்பவர் தோற்பார். இந்தக் கேபிளின் வலை பெரும்பாலும் அலுமினியம், ஈயம் ஒட்டாது. பித்தளைக் கனெக்டர் ஸ்ட்ரிப்பில் வைத்துத் திருகி, செம்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று அரிக்காமலிருக்க கிரீஸ் தடவி, சின்ன பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸுக்குள் மூடுங்கள். பெட்டிக்கு வெளியே கேபிளை 15 செ.மீ. விட்டத்தில் ஆறு சுற்றுச் சுற்றி டையால் கட்டிவிட்டால், கேபிளின் மேலுறையே ஆன்டெனாவாகி வீட்டு இரைச்சலைக் கொண்டுவருவது நிற்கும்.

கம்பி கிழக்கு மேற்காக நீள வேண்டும், அப்போதுதான் தெற்கைப் பார்க்கும். முனை நிலையத்தை நோக்கி நின்றால் கேட்காது. செங்குத்தாகவும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள், பள்ளத்தில் எது வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எதிர்மலையில் பட்டுத் திரும்பும் அலையும் நேர் அலையும் மோதி, ஓரிடத்தில் அமுங்கி ஒன்றரை மீட்டருக்குள் மறுபடி எழும். அதனால் ஒரே இடத்தில் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போகாமல், ஓரடி ஓரடியாகப் பக்கவாட்டில் நகர்த்துங்கள்.

பரணில் கிடக்கும் பழைய டிவி ஆன்டெனாவில் ஒன்றரை மீட்டருக்குக் குறையாத குழாய்கள் இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். கொடைக்கானலுக்கு மூன்று குழாய் ஆன்டெனா ஆகும். பின் குழாய் 1.50 மீட்டர், நடுக் குழாய் இரண்டு துண்டாக மொத்தம் 1.42, முன் குழாய் 1.32. பின்னுக்கும் நடுவுக்கும் 60 செ.மீ., நடுவுக்கும் முன்னுக்கும் 45 செ.மீ. முன், பின் குழாய்களை உலோகத் தண்டில் நேரடியாகத் திருகலாம், நடுக் குழாயை மட்டும் பிளாஸ்டிக் கட்டையில் ஏற்ற வேண்டும். குட்டைக் குழாய்தான் நிலையத்தைப் பார்க்க வேண்டும். நெட்டைக் குழாயை முன்னால் வைத்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்பவர்கள் அதிகம். பழைய ஆன்டெனாவின் நடுவில் வளையமாக மடித்திருக்கும் குழாயை (டைபோல்) எடுத்துவிட்டு நேர்க் குழாய் வைப்பதால் கேபிளோடு பொருத்தம் கொஞ்சம் குறையும். கேட்பதற்கு மட்டும் என்பதால் அது பெரிய இழப்பில்லை. வெறும் இரு கைக் கம்பியைவிட மூன்று மடங்கு வாங்கும்.

சின்ன ரேடியோவில் ஆன்டெனா துளை இருக்காது. கேபிளின் நடுக்கம்பியை முதலைக் கிளிப்பால் நீட்டுக் கம்பியிலும், வலையைப் பேட்டரியின் மைனஸ் தகட்டிலும் பிடித்தால் போதும். இரைச்சல் மிச்சமிருந்தால் ரேடியோவைப் பேட்டரியில் ஓடவிட்டு வீட்டு மெயினை அணையுங்கள். இரைச்சல் அடங்கினால் ஆன்டெனாவில் குறையில்லை, ஏதோ ஒரு மலிவு எல்இடி பல்போ சார்ஜரோதான் காரணம். பூஸ்டர் வாங்காதீர்கள். கோவையைப் பார்த்த சரிவில் தனியார் நிலையங்கள் ஏற்கெனவே ரேடியோவை அமுக்கிக்கொண்டிருக்கும். பூஸ்டர் போட்டால் அதே பாட்டு நாலு இடத்தில் கேட்கும், கொடைக்கானல் ஒரேயடியாகக் காணாமல் போகும்.

கடைசியாக இடி. சித்திரை, வைகாசிக் கோடை மழைக்கும் ஐப்பசி மழைக்கும் இங்கே இடி உண்டு. ஆன்டெனா நிற்கும் மாஸ்ட் பைப்பையும் டிஷ் பைப்பையும் 8 கேஜ் ஜிஐ கம்பியால், கூர்மையான மடிப்பு இல்லாமல், நேராக எர்த் குழிக்கு இறக்குங்கள். தண்ணீர்க் குழாயில் சுற்றிவிடுவது எர்த் ஆகாது, இப்போது பாதிக் குழாய் பிளாஸ்டிக். முறையான எர்த்கூட நேரடி இடியைத் தாங்காது. முதல் உறுமல் கேட்டதுமே கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். தலைக்கு மேல் மின்னும்போது கழற்றப் போகக் கூடாது.

இப்படிக்கு,
டிவி, ரேடியோ பழுதுபார்ப்பவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.